நெடும்பயணம் கிளம்பும் முன் பைக்கின் செயின், ஸ்பிராக்கெட் மாற்றுவது எப்படி? முதல்முறை கைவைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை புதுச் செயின் போட்டேன். செயின் மட்டும்தான். செயின் சுற்றும் பல்சக்கரங்களான ஸ்பிராக்கெட் இரண்டும் (முன்னால் இன்ஜின் பக்கம் சின்னது, பின்சக்கரத்தில் பெரியது) இன்னும் ஓடும் என்று பட்டறையில் சொன்னார்கள். பணம் மிச்சமாகிறதே என்று நானும் சரி என்றுவிட்டேன். 300 கி.மீ. தாண்டியதும் செயின் தொங்க ஆரம்பித்தது. மேட்டில் முறுக்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று பல் தாண்டியது. மீதி வழியெல்லாம் மெதுவாக உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஊர் திரும்பியதும் செட்டாகவே மாற்ற வேண்டியதாயிற்று. புதுச் செயினுக்குக் கொடுத்த பணம் வீண்.

அதன்பிறகு மேனுவலைப் படித்து, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, இரண்டு முறை என் கையாலேயே மாற்றிவிட்டேன். எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் தேவலையே என்று தோன்றியதையெல்லாம் வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். பட்டறையில் கொடுத்து மாற்றுவதாக இருந்தாலும் படியுங்கள். எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பிடிபடும்.

1. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். கண்ணிகளைக் கோர்க்கும் ஆணிகளும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு குழாய்களான புஷ்களும் ஒன்றுக்கொன்று படிந்து உட்காருவதால் வருவது அது, பழுது அல்ல. ஆனால் அந்தத் தளர்ச்சியை வீட்டுப் பக்கத்தில் ஓடும்போதே எடுத்துவிட வேண்டும்.

நான் இப்போது கணக்கு வைப்பது இப்படி: பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு சோதனை. தேய்ந்திருந்தால் அன்றே உதிரிபாகத்துக்குச் சொல்லிவிடுவது, ஏனென்றால் உங்கள் வண்டிக்கான செட் கடையில் கையிருப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பத்து நாள் முன்பு மாற்றுவது. அடுத்த ஒரு வாரம் வழக்கமாக ஓட்டி 200, 300 கி.மீ. ஆனதும் மறுபடி அளந்து சரிசெய்வது. அதற்குப் பிறகுதான் மூட்டை கட்டுவது.

வேலைக்கு ஆகும் நேரத்தையும் குறைத்துப் போட்டுவிடாதீர்கள். பழகியவருக்கு ஒன்றிரண்டு மணி நேரம். முதல்முறை என்றால் அரை நாள் ஒதுக்குங்கள். சின்ன ஸ்பிராக்கெட்டின் நட்டு ஒன்று அசைய மறுத்தால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

2. தேய்ந்திருக்கிறதா? நான்கு சோதனைகள்

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பின்சக்கரத்தின் பெரிய ஸ்பிராக்கெட்டில், செயின் சுற்றி வளையும் பின்புற நடுப்பகுதியை விரலால் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். நல்ல செயின் பல்லைவிட்டு அசையாது. பல்லின் பாதி உயரம் தெரியும் அளவுக்கு எழுந்து வந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

இரண்டாவது, பற்கள். புதுப் பல்லின் இரு சரிவும் ஒரே மாதிரி இருக்கும். தேய்ந்தது ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல வளைந்திருக்கும், நுனி கூராகியிருக்கும். பெரியதை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சின்னது ஒரே தூரத்துக்குப் பல மடங்கு சுற்றுகிறது, அதனால் அதுதான் முதலில் தேயும். அது மூடிக்குள் ஒளிந்திருப்பதால் பலர் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது, அளவு. அளவுகோலை வைத்து 21 ஆணிகளை எண்ணுங்கள். முதல் ஆணியின் நடுவிலிருந்து கடைசி ஆணியின் நடுவரை 20 கண்ணி நீளம் வரும். செயின் எண் 4 என்று தொடங்கினால், 420, 428 போல, புதிதில் அது 254 மி.மீ. இருக்கும். 5 என்று தொடங்கினால், 520, 525, 530 போல, 317.5 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்த நிலையில் மூன்று நான்கு இடங்களில் அளந்து, இருப்பதிலேயே பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்ற வரம்பு உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால், 1 சதவீதம் நீண்டிருந்தாலே நெடும்பயணத்துக்கு அதை நம்பிப் போக மாட்டேன். அதாவது முதல் வகையில் ஏறக்குறைய 256.5, இரண்டாவதில் 320.7 மி.மீ.

நான்காவது, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியை நியூட்ரலில் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் தொய்வாகவும் இன்னொரு இடத்தில் விறைப்பாகவும் இருந்தால் சீரற்ற தேய்மானம். வளைந்த கண்ணி நேராகாமல் மடங்கியே நின்றால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. ஆணிகளைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் அதுவும் அதே கதைதான். இவற்றை எண்ணெய் விட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

3. வாங்கப் போகும் முன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த வண்டிகளுக்கு அளவு மாறியிருக்கலாம். ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

செயின் அளவு எண். பக்கத் தகட்டில் அச்சாகியிருக்கும். முதல் இலக்கம் கண்ணி நீளத்தைச் சொல்கிறது, ஓர் அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு என்று. கடைசி இரண்டு இலக்கம் உள் அகலம். 428ம் 420ம் நீளத்தில் ஒன்றே; அகலம் வேறு என்பதால் மாற்றிப் போட முடியாது.

மொத்தக் கண்ணிகள். எண்ணத் தொடங்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு, இணைப்புக் கண்ணியையும் (செயினின் இரு முனையையும் சேர்க்கும் கண்ணி) சேர்த்து எண்ணுங்கள். இரட்டைப்படையில்தான் வரும். ஒற்றைப்படை வந்தால் தப்பாக எண்ணியிருக்கிறீர்கள்.

இரண்டு ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கை. இதுவும் பெரும்பாலும் பல்சக்கரத்தின் மேலேயே அச்சாகியிருக்கும். எழுதிய பிறகு மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி உங்களுக்கு இரண்டாம் கையாக வந்திருந்தால் இது கட்டாயம். முந்தைய உரிமையாளர் வேறு அளவு போட்டிருக்கலாம்.

வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு, சேஸிஸ் எண். அசல் உதிரிபாகம் வாங்கும்போது சரியான பாக எண்ணைக் கண்டுபிடிக்க இது போதும்.

வாங்கியபின் பில்லை எறியாதீர்கள். அதன் பின்புறத்தில் மாற்றிய தேதியையும் அன்றைய ஓடோமீட்டர் அளவையும் எழுதி, போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயின் சீக்கிரமே போய்விட்டால் கடையில் பேச அந்த ஒரு தாள்தான் ஆதாரம். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், வெளியில் மாற்றுவதற்கு முன் வாரண்டிப் புத்தகத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பல் எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கலாமா என்று பயணத்துக்கு முன் ஆசை வரும். 15/45 இருக்கும் வண்டியில் முன்னால் ஒரு பல் குறைத்து 14 போட்டால் விகிதம் 3-லிருந்து 3.21 ஆகும், அதாவது சுமார் 7 சதவீதம். மேட்டில் இழுவை கூடும், ஆனால் அதே வேகத்தில் இன்ஜின் கூடுதலாகச் சுழலும். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் தப்புக் காட்டும். இதைச் சோதிக்க வேறு நாள் வரும். இப்போது இருந்த அளவையே போடுங்கள்.

4. செலவு எங்கே போகிறது, எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது

செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைத் தன் வடிவத்துக்கு இழுத்துச் சீக்கிரமே தின்றுவிடும். தேய்ந்த செயினும் புதுப் பல்லை அப்படித்தான் செய்யும். என் பணம் போனது இந்த இடத்தில்தான்.

அடுத்த முடிவு, சாதாரணச் செயினா, ஓ-ரிங் செயினா என்பது. ஓ-ரிங் செயினில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸ் அடைத்து ரப்பர் வளையத்தால் மூடியிருப்பார்கள். எக்ஸ்-ரிங் என்பது அதே வேலையை இன்னும் குறைந்த உராய்வில் செய்யும் வடிவம். விலை கூடுதல்தான், ஆனால் மழை, தூசி, தொடர் ஓட்டம் என்றால் அதிக நாள் தாங்கும், அடிக்கடி இறுக்க வேண்டியதில்லை. ஒன்று கவனியுங்கள்: ஓ-ரிங் செயின் கொஞ்சம் அகலம். சாதாரணச் செயினோடு வந்த சிறிய வண்டிகளில் செயின் மூடியிலோ இன்ஜின் உடம்பிலோ உரசக்கூடும். அந்த அளவில் உங்கள் வண்டிக்கென்றே விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செட் விலைக்கு மேல் மறந்துபோகும் சில்லறைச் செலவுகள்: சின்ன ஸ்பிராக்கெட்டின் லாக் வாஷர் (நட்டு கழலாமல் மடக்கிப் பிடிக்கும் தகடு), ஆக்ஸிலின் (பின்சக்கர அச்சு) ஸ்பிலிட் பின், தேவைப்பட்டால் ஹப் ரப்பர் (சக்கரத்தின் நடுவில் உதறலைத் தாங்கும் ரப்பர்), ஒரு டப்பா செயின் லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்). பட்டறையில் கொடுத்தால் வேலைக்கூலி எவ்வளவு, அதில் சக்கரம் கழற்றி மாட்டுவது அடங்குமா, ஹப் ரப்பரைப் பார்த்துச் சொல்வார்களா என்று முன்பே கேளுங்கள். பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மூன்றும் கைக்கு வந்தால்தான் மூன்றும் மாறியிருக்கிறது.

5. கருவிகள்

உங்கள் ஆக்ஸில் நட்டுக்கும் முன் ஸ்பிராக்கெட் நட்டுக்கும் பொருந்தும் சாக்கெட்டுகள், நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (சொன்ன விசை அளவுக்கு இறுக்க உதவும் கருவி), பிளையர், அளவுகோல், மென்மையான பிரஷ், மண்ணெண்ணெய், பழந்துணி. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு. ரிவெட் அடித்த (இணைப்பு ஆணியின் தலையை விரித்து மூடிய) செயின் என்றால் செயின் கட்டரும் ரிவெட் கருவியும். இவற்றை இரவல் வாங்குவது நல்லது. டார்க் ரெஞ்சையும் இரவல் வாங்கலாம், ஆனால் இல்லாமல் செய்யாதீர்கள்.

6. கழற்றும் வரிசை

வரிசைதான் இங்கே முக்கியம். செயினை முதலில் கழற்றிவிட்டால் முன் ஸ்பிராக்கெட்டைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. நட்டைத் திருப்பத் திருப்ப அது கூடவே சுற்றும்.

முன் ஸ்பிராக்கெட்டின் மேலுள்ள மூடியைக் கழற்றியதும் ஒரு படம் எடுங்கள். சின்ன ஸ்பிராக்கெட்டின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்பது அதில் தெரிய வேண்டும். உள்ளே படிந்திருக்கும் கரியும் கிரீஸும் கலந்த மண்ணைச் சுரண்டி எடுங்கள். நட்டின் மேல் மடக்கியிருக்கும் லாக் வாஷரை முழுதாக நிமிர்த்துங்கள். பிறகு முதல் கியரில் போட்டு, இன்னொருவரைப் பின்பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி நட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம். சிறிய வண்டிகள் பலவற்றில் ஒரே பெரிய நட்டுக்குப் பதில் இரண்டு சின்ன போல்ட்டும் ஒரு தகடும் இருக்கும். அது சுலபம்.

அதே நிலையில், சக்கரம் வண்டியில் இருக்கும்போதே, பெரிய ஸ்பிராக்கெட்டின் நட்டுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு அவற்றோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிறகு ஸ்டாண்டு. ஆக்ஸிலின் ஸ்பிலிட் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் (செயின் தொய்வைச் சரிசெய்யும் திருகு) பின்வாங்கி, சக்கரத்தை முன்னே தள்ளி, செயினை இறக்குங்கள். டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடையும் டார்க் ஆர்மையும் (பிரேக் தட்டு சுற்றாமல் பிடிக்கும் கம்பி) கழற்ற வேண்டும். டிஸ்க் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பெடலைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்துவிடும். இரண்டு பேடுக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள்.

பழைய செயினின் இணைப்புக் கண்ணியில் கிளிப் லாக் இருந்தால் அதைக் கழற்றி, பழைய செயினின் முனையில் புதியதை மாட்டி மெதுவாக இழுத்தால் புதியது தானாகவே முன் ஸ்பிராக்கெட்டைச் சுற்றி வந்துவிடும். ஆனால் நாம் சின்ன ஸ்பிராக்கெட்டையும் மாற்றுகிறோம் என்பதால், புதுப் பல்சக்கரத்தைப் போட்ட பிறகுதான் இந்த வேலை.

7. கழற்றியபின் பார்க்க வேண்டியவை

இந்த இடங்கள் மறுபடி உங்கள் கண்ணில் பட நாளாகும். ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். அவை தளர்ந்தால் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி உதறும். சக்கரத்தின் பேரிங்குக்குள் விரல் விட்டுச் சுற்றுங்கள், கரகரத்தால் மாற்ற வேண்டும். முன் ஸ்பிராக்கெட் அமரும் தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருந்தால் ஆயில் சீல் கசிகிறது. ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) மேல் செயின் உரசாமல் காக்கும் ரப்பர் பட்டையில் ஓட்டை விழுந்திருக்கிறதா பாருங்கள். இதில் ஏதாவது கண்ணில் பட்டால், பத்து நாள் முன்பே வேலையைத் தொடங்கியதால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

8. மாட்டுதல்

பெரிய ஸ்பிராக்கெட் உட்காரும் முகத்தை நன்றாகத் துடையுங்கள். ஒரு மண் துகள் நடுவில் இருந்தாலும் பல்சக்கரம் கோணலாக ஓடும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சின்னதை, எடுத்த படத்தைப் பார்த்து அதே பக்கம் வெளியே இருக்கும்படி போட்டு, புது லாக் வாஷரோடு நட்டை விரலால் மட்டும் முறுக்கி வையுங்கள். கடைசி இறுக்கம் செயின் மாட்டி, சக்கரம் நின்றபின், பின்பிரேக்கை அழுத்திக்கொண்டு, மேனுவலில் உள்ள டார்க் அளவில். அதற்குப் பிறகு வாஷரை மடக்க மறக்காதீர்கள்.

புதுச் செயின் நீளமாக இருந்து வெட்ட வேண்டியிருந்தால், எண்ணிக்கையை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள். வெட்டிய கண்ணியை மறுபடி ஒட்ட முடியாது.

புதுச் செயினின் மேல் பிசுபிசுப்பாக இருப்பது துருப் பிடிக்காமலிருக்கத் தடவியது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு மாட்ட வேண்டாம்.

9. இணைப்புக் கண்ணி: இங்கேதான் உயிர் இருக்கிறது

ஓடும்போது செயின் அறுந்தால் ஒன்று அது இன்ஜின் உடம்பை உடைக்கும், அல்லது சக்கரத்தில் சிக்கிப் பூட்டிவிடும். அறுபடும் இடம் பெரும்பாலும் இந்த ஒரு கண்ணிதான். எனவே அவசரப்படாதீர்கள்.

கிளிப் வகை என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினின் மேல் ஓட்டத்தில் நின்று பார்த்தால் மூடிய முனை வண்டியின் முன்பக்கமும், கீழ் ஓட்டத்தில் பார்த்தால் பின்பக்கமும் இருக்கும். திறந்த முனை முன்னால் இருந்தால், எதிலாவது இடித்ததும் கிளிப் கழன்று பறந்துவிடும். இரண்டு ஆணியின் பள்ளத்திலும் சரியாக உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய கிளிப்பைத் திரும்பப் போடவே கூடாது.

ஓ-ரிங் செயினின் இணைப்போடு நான்கு சிறு வளையமும் ஒரு பொட்டலம் கிரீஸும் வரும். இரண்டு வளையம் உள்பக்கம், இரண்டு வெளிப்பக்கம். நான்கையும் கிரீஸ் தடவிப் போடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அந்தக் கண்ணி முதலில் செத்துப்போகும்.

ரிவெட் வகைக்குப் பக்கத் தகட்டை அழுத்தும் ஆழமும் ஆணித் தலை விரியும் அளவும் பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். வெர்னியரால் அளந்து, பக்கத்துக் கண்ணியின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக அழுத்தினால் கண்ணி விறைத்துப் போகும். ஆணித் தலையில் விரிசல் தெரிந்தால் அதை விட்டுவிட்டுப் புது இணைப்பு வாங்குங்கள். சுத்தியலால் அடித்து விரிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கருவி இல்லையென்றால் செட்டை நீங்களே மாட்டிவிட்டு, இந்த ஒரு வேலைக்கு மட்டும் கருவி வைத்திருப்பவரிடம் போங்கள்.

10. தொய்வும் நேர்கோடும்

எவ்வளவு தொய்வு என்பது வண்டிக்கு வண்டி மாறும். சாலை வண்டிகள் பலவற்றில் 25 முதல் 35 மி.மீ.க்குள் இருக்கும், சஸ்பென்ஷன் அதிகம் ஏறி இறங்கும் வண்டிகளுக்கு இன்னும் கூடுதல். மேனுவல் சொல்லும் அளவையும், சைடு ஸ்டாண்டிலா சென்டர் ஸ்டாண்டிலா அளக்கச் சொல்கிறது என்பதையும் பாருங்கள். இரண்டிலும் அளவு வேறு வரும்.

கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலே தள்ளி, கீழே இழுத்து, மொத்த அசைவை அளக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, மிக விறைப்பான இடத்தில் அளங்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, இறுக்கமாக வைத்தால் நல்லது என்று நினைப்பது. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறி ஸ்விங் ஆர்ம் மேலே போகும்போது ஆக்ஸில், ஸ்விங் ஆர்ம் அச்சு, முன் ஸ்பிராக்கெட் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். அப்போதுதான் தூரம் அதிகபட்சம். செயின் மிக விறைப்பாகும். அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்றால் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் அடி வாங்கும். நெடும்பயணச் சுமையை நினைத்து, சொன்ன வரம்பில் தளர்வான பக்கமாகவே வையுங்கள்.

நேர் பார்க்க ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம் அச்சின் நடுவிலிருந்து ஆக்ஸில் நடுவரை அளந்து ஒப்பிடுங்கள். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் செயின் மேல் ஓட்டம் பல்சக்கரத்துக்குள் கோணாமல் நேராக நுழைய வேண்டும்.

ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது தொய்வு மாறிவிடும். ஒரு மடித்த துணியைச் செயினுக்கும் பெரிய ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே வைத்துச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் சக்கரம் அட்ஜஸ்டர்மேல் அழுந்தி நிற்கும். அப்படியே நட்டை இறுக்கி, துணியை எடுத்துவிட்டு, மறுபடி அளங்கள். புது ஸ்பிலிட் பின்.

இன்ஜின் ஓடும்போது செயினை ஒருபோதும் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். துணி இழுபட்டு விரலைப் பல்லுக்குள் கொண்டுபோகும். எப்போதும் இன்ஜினை நிறுத்தி, கையால்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

11. முதல் ஓட்டமும் பயணத்தில் பராமரிப்பும்

வண்டியை நகர்த்தும் முன் பின்பிரேக்கைப் பாருங்கள். டிஸ்க் என்றால் பெடல் கெட்டியாகும்வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். டிரம் என்றால் ராடின் நட்டைச் சரிசெய்து, டார்க் ஆர்ம் போல்ட் இறுகியிருக்கிறதா பாருங்கள். சக்கரத்தை முன்னே தள்ளியிருக்கிறோம், பழைய செட்டிங் பொருந்தாது.

முதலில் 10 கி.மீ. மெதுவாக ஓட்டிவிட்டு வந்து கிளிப், நட்டுகள், தொய்வு மூன்றையும் பாருங்கள். பிறகு 200, 300 கி.மீ.யில் ஒருமுறை. பயணம் தொடங்கியபின் 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப் போடுங்கள், மழையில் நனைந்தால் அன்றைக்கே. அன்றைய ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும் மாலையில், கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாகப் போட்டுவிட்டால் இரவெல்லாம் ஊறும். துடைக்க மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் ஓ-ரிங்கைக் கெடுக்கும்.

பையில் ஆக்ஸில் நட்டுக்குரிய ஸ்பானர், அட்ஜஸ்டர் ஸ்பானர், ஒரு சின்ன டப்பா லூப், உங்கள் செயின் அளவுக்கே உரிய ஒரு உதிரி இணைப்புக் கண்ணி. அந்தக் கண்ணியை எண்ணெய்த் துணியில் சுற்றி, மேனுவலின் டார்க் அளவுப் பக்கத்தை எடுத்த படத்தின் ஒரு பிரதியோடு சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.